வள்ளி வேஷம் கட்டி நாடகத் தொழிலுக்கு வருவது எப்படி: நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

கோவில்பட்டி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கத்தில் கொஞ்சம் பாட்டு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட்டாக வர என்ன செய்யணும் அக்கா? ஸ்திரீபார்ட் என்றால் கதாநாயகி வேஷம். ஒவ்வொருத்திக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுகிறது, அந்தத் தொண்டையை வைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன், அதனால் எழுதியே விடுகிறேன். சினிமாவுக்கும் டிவி பாட்டுப் போட்டிக்கும் வழி சொல்ல வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இது கோவில் கொடையிலும் மாரியம்மன் பொங்கலிலும் ராத்திரி முழுக்க நடக்கிற இசை நாடகத்துக்கான வழி.

குரல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதே. பத்து நாடகத்தில் பத்துப் பாட்டுத் தெரிந்தவளுக்குத் தேதி வருவதில்லை. வள்ளி என்கிற ஒரு வேஷத்தை, எதிரில் யார் நின்றாலும், பெட்டி (ஹார்மோனியம்) யார் வாசித்தாலும், விடிகிற வரைக்கும் தாங்குகிற மாதிரிப் பாடம் பண்ணியவளுக்கு வரும். மற்ற வேஷமெல்லாம் அதற்கு அப்புறம் தானாகப் பின்னால் வரும்.

ஏன் அப்படி என்றால், ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக வருகிற ராஜபார்ட் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், டான்ஸ் ஒரு ஊர், பக்கவாத்தியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து வரவழைக்கிறார்கள். அரிதாரம் பூசுகிற இடத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், சில நாள் மேடையில்தான். அப்படியும் நாடகம் நடக்கிறதென்றால் அதற்குக் காரணம் நம்ம ஊர்க்காரர் ஒருவர். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடம் எல்லாருக்கும் பொது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று எதை எடுத்தாலும் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்த வசனம், யார் கேட்க யார் பதில் சொல்ல வேண்டும் என்பது புதுக்கோட்டைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். 1918-இல் மதுரையில் அவர் பாலர் சபை தொடங்கிப் பையன்களைப் பழக்கினார், 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அந்தப் பாடம் நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது. உனக்கு அது தெரியவில்லை என்றால் நீ எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் எதிரில் நிற்கிறவருக்கு நீ பாரம்தான்.

எந்த ஊருக்கு எது எடுபடும்

நெல்லைச் சீமை முழுக்க ஒரே சந்தை என்று நினைத்துவிடாதே. வடக்கே கரிசல் பக்கம், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் பொங்கல் என்றால் நாடகம். பங்குனியில் பிடித்தால் ஆடி வரைக்கும் அந்தப் பக்கம் பரபரப்பாக இருக்கும். தெற்கே நாங்குநேரி, ராதாபுரம், திருச்செந்தூர் பக்கம் கொடை என்றால் முதலில் வில்லுப்பாட்டு. சுடலை கதையும் இசக்கி கதையும் பாடாமல் அங்கே சாமி இறங்காது. நாடகம் நடந்தாலும் அது கூடுதல் நிகழ்ச்சிதான்.

அதனால் பாடத் தெரிந்த பெண் இரண்டையும் பழகுவது புத்திசாலித்தனம். வில்லில் பெண்கள் தலைமைப் பாட்டுக்காரராக உட்காருவது நம் பக்கத்தில் புதிதில்லை, 2018-இல் காலமான பூங்கனி அம்மாள் வீசுகோல் பிடித்து ஆயுள் முழுக்கப் பாடியவர். நாடகத்தில் கற்றுக்கொள்கிற விருத்தம் வில்லில் உதவும், வில்லில் பழகுகிற கதை சொல்லும் வேகம் நாடக வசனத்துக்கு உதவும். ஒன்றே ஒன்று, ஒரே சீசனில் இரண்டுக்கும் தேதி வாங்கித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே.

பழைய ஆட்கள் யாராவது நம் பக்கம் இருந்தார்களா என்று கேட்டால், எஸ். ஜி. கிட்டப்பா செங்கோட்டைக்காரர். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன எஸ். டி. சுப்புலட்சுமி ஸ்ரீவைகுண்டம். மேடையில் பவளக்கொடியாகப் பாடிக்கொண்டிருந்தவர் 1934-இல் அதே நாடகம் படமானபோது அதே வேஷத்தில் நடித்தார். கொடுமுடி சுந்தராம்பாள் 1927-இல் கிட்டப்பாவைக் கல்யாணம் செய்தார், 1933-இல் கிட்டப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அதன் பிறகு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, எந்த ஆணோடும் ஜோடி சேர்வதில்லை என்று சொல்லி, அப்படியும் 1935-இல் சினிமாவில் நந்தனார் வேஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பேசி வாங்கினார். சுந்தராம்பாள் கதையைச் சொல்லும்போது எல்லாரும் காதலையும் கண்ணீரையும்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒரு லட்சம்தான் பெரிசாகத் தெரியும். அந்தத் துக்கத்திலும் தன் விலையை விட்டுக்கொடுக்காத பெண் அவர்.

குரல்

திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு, குரலிசையும் தேவாரமும் சொல்லித் தருகிறார்கள். வயது இருந்தால் அங்கே சேர். நாடகப் பாட்டு அங்கே சொல்லித் தரமாட்டார்கள். ஆனால் சுருதியும் தாளமும் ராக அடையாளமும் அங்கே படிந்துவிட்டால், பின்னால் நாடகப் பாட்டைச் சொல்லித் தருகிற வாத்தியாருக்குப் பாதி வேலை மிச்சம். சேர முடியாதவர்கள் பக்கத்து ஊரில் வயதான பெட்டி வாத்தியார் யாராவது இருப்பார், போய் அவர் காலைப் பிடி. பெரிய எழுத்து நாடகப் புத்தகங்கள் இன்னமும் கிடைக்கின்றன, வாங்கி வைத்துக்கொள். புத்தகத்தில் பாட்டு இருக்கும், மெட்டு இருக்காது, மெட்டு ஆளிடம்தான் இருக்கும்.

முதலில் உன் கட்டை, அதாவது நீ பாடுகிற சுருதி, எது என்று தெரிந்துகொள். பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டைப் பக்கம் நிற்பார்கள். பழைய ஆட்கள் மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உச்சத்தில் நின்றார்கள், அதைக் கேட்டுவிட்டு நீயும் அரைக்கட்டை ஏற்றிப் பாடி வீரம் காட்டாதே. ராத்திரி பத்தரைக்குப் பாடுகிற கட்டை வேறு, மூன்று மணிக்குத் தொண்டை கொடுக்கிற கட்டை வேறு. மூன்று மணிக்கு எது நிற்கிறதோ அதுதான் உன் கட்டை. மேடை ஏறுவதற்கு முன்னால் பெட்டிக்காரரிடம் போய், “வாத்தியாரே, எனக்கு ஐந்து” என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சில பிள்ளைகள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் போய்விட்டு மேடையில் முழிக்கிறார்கள்.

விருத்தம் பழகு. தாளம் இல்லாமல், வார்த்தை சிதையாமல், ராகத்தை விரித்துப் பாடுவது அது. ஜனம் கை தட்டுவதும் அங்கேதான், கழுத்து அறுபடுவதும் அங்கேதான். மோகனம், கல்யாணி, காம்போதி, செஞ்சுருட்டி, முகாரி, இந்த ஐந்திலும் ஆளுக்கொரு விருத்தம் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். விருத்தத்தில் ஒரு வரி முடிந்ததும் பெட்டிக்கு இடம் விட வேண்டும். நீ மூச்சு வாங்குகிற அந்த நேரத்தில் அவர் உன் ராகத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பார், அடுத்த வரியை அதிலிருந்து எடுத்தால் பாட்டு மேலே போகும். அவருக்கு இடம் கொடுக்காமல் நாலு வரியையும் ஒரே மூச்சாகக் கொட்டினால் அவரும் கடனே என்று சுருதி மட்டும் பிடிப்பார்.

காவடிச் சிந்து கட்டாயம். அதை எழுதிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் நம்ம சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், பாடியது கழுகுமலை முருகனை. இந்த ஜில்லாக்காரி வள்ளியாக நின்று சிந்தைத் தப்பாகப் பாடினால் முன்வரிசைப் பெரியவர்கள் மன்னிக்கமாட்டார்கள். அந்த வார்த்தைக் கட்டு வேகத்தில் நாக்குப் புரளும், அதனால் முதலில் மெட்டில்லாமல் வெறும் வாசிப்பாக, மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில்தான் மெட்டோடு பழகு.

தொண்டைக்கு வைத்தியம் ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் பார்த்தவரை பகல் தூக்கத்துக்கு ஈடான மருந்து இல்லை. சீசனில் அடுத்தடுத்து நாலு நாள் நாடகம் விழும்போது காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுக்கிறவள் நிற்கிறாள். வந்ததும் துணி துவைத்து, சமைத்து, அக்கம்பக்கத்தில் கதை பேசுகிறவள் மூன்றாம் நாள் கரகரக்கிறாள். இதை உன் வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள், மாமியார் வீடாக இருந்தால் ரொம்பவே முன்கூட்டி.

வள்ளி

நாடகத்தின் வரிசை உனக்குத் தெரிந்திருக்கும். பபூன் வந்து சிரிக்க வைப்பார், டான்ஸ் வரும், அவர்கள் தர்க்கம் முடியும், அப்புறம் வள்ளி. உன் முதல் வரியைத் திரைக்கு உள்ளேயே எடுக்க வேண்டும். ஜனத்துக்கு முகம் தெரியுமுன் குரல் போய்ச் சேர வேண்டும். வெளியே வந்ததும் பக்கவாத்தியத்தைத் தொட்டுக் கும்பிட்டு, சபைக்கு வணக்கம் சொல்லி, நீ யார், எந்த மலை, எதற்குத் தினைப்புனத்துக்கு வந்தாய் என்று வசனத்தில் சொல்லி, பரண் ஏறி ஆலோலம் பாடிக் குருவி விரட்ட வேண்டும். ஆலோலத்தில் நிறையப் பிள்ளைகள் கையை மட்டும் ஆட்டுகிறார்கள். குருவி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று உன் கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டும். கவணை வீசினால் பார்வை கல்லோடு போய் அது விழுகிற இடத்தில் நிற்க வேண்டும். அப்படிச் செய்து பார், முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் எல்லாம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும்.

அடுத்து நாரதர். பல ஊரில் ஜனம் காத்துக்கொண்டிருப்பது இந்தத் தர்க்கத்துக்குத்தான். நாரதர் போடுகிறவர்கள் பெரும்பாலும் சீனியர்கள், புராணம் கரைத்துக் குடித்தவர்கள். புதுப் பெண் என்றால் ஆழம் பார்க்க ஒரு கேள்வி போடுவார்கள். இல்லறம் பெரிசா துறவறம் பெரிசா, கல்யாணம் வேண்டாம் என்கிறாயே பெண்ணாய்ப் பிறந்ததற்கு என்ன பயன், இந்த மாதிரி. பாடத்தில் உள்ள பதில் உனக்குத் தெரியும், ஆனால் அவர் பாடத்தை விட்டு வெளியே போனால்? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கேள்வியைத் திருப்பி ஒருமுறை நீயே சொல், “சுவாமி இப்படிக் கேட்கிறீர்கள்” என்று சபைக்குச் சொல்கிற மாதிரி. அதற்குள் பதில் யோசிக்கலாம். பதில் வராவிட்டால் பாடத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்கிற பாட்டை எடு. பெட்டிக்காரர் உன் பக்கம் என்றால் அவரே அடி எடுத்துக் கொடுப்பார். பெரியவர்களை “அண்ணே”, “வாத்தியாரே” என்று மரியாதையாகப் பேசி, அரிதாரம் பூசுவதற்கு முன் ஆசீர்வாதம் வாங்கி, “தர்க்கத்தில் கொஞ்சம் பார்த்துக் கேளுங்கண்ணே, நான் புதுசு” என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசிப் பேர் தூக்கித்தான் விடுவார்கள்.

வேலனோடு வருகிற தர்க்கம் வேறு மாதிரி. வேலன் என்பது வேடனாக வருகிற முருகன், ராஜபார்ட் கட்டுகிற வேஷம். அங்கே அறிவைவிட வாய்த்துடுக்குத்தான் வேலை செய்யும். பழகுவதற்கு ஒரு மாதிரி எழுதித் தருகிறேன், இதை அப்படியே மேடையில் சொல்ல வேண்டாம், பேச்சு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்.

“பெண்ணே, இந்தப் பக்கம் ஒரு மான் ஓடி வந்ததே, பார்த்தாயா?”

“வந்திருந்தால் தினையைக் கடித்திருக்கும். கதிர் எல்லாம் அப்படியே நிற்கிறது, நீரே எண்ணிப் பாரும்.”

“என் மான் தினை தின்னாது.”

“தினை தின்னாத மானைத் தினைப்புனத்தில் வந்து தேடுகிறவர் என்ன வேடர்?”

“அடிபட்ட மான், வேறு எங்கே போகும்?”

“அடிபட்டிருந்தால் ரத்தம் சொட்டியிருக்கும். அம்பை எய்தவர் நீர், தடம் பார்க்கத் தெரியாமல் பரண் மேல் இருக்கிறவளை வந்து கேட்கிறீரே.”

இதில் வள்ளி எங்கேயும் கோபப்படவில்லை, சபிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன வார்த்தையையே பிடித்து அவர் மேலேயே போடுகிறாள். தர்க்கம் என்றால் கத்துவது என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மைக் இருக்கிறது, கத்தாதே. எதிராளி முடிக்கும் முன் குறுக்கே விழாதே, ஜனம் அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்து முடிக்கட்டும், அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரம் உன் பதிலைப் போடு. ராஜபார்ட் இரட்டை அர்த்தத்தில் இறங்கினால் நீ இறங்காதே. கேட்காத மாதிரி ஒரு பாட்டை எடுத்துவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை, கூடப் பாடித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் கிழவர் வந்து தேனும் தினைமாவும் கேட்பதும் யானை வந்து மிரட்டுவதும் கல்யாணமும். அதற்குள் விடியக்காலம் ஆகியிருக்கும், பாதி ஜனம் பாயிலேயே தூங்கியிருக்கும். தூங்காமல் உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்காக நீ கடைசிப் பாட்டையும் முதல் பாட்டு மாதிரிப் பாட வேண்டும். அடுத்த வருஷம் “அந்தப் புள்ளையவே கூப்பிடுங்கல” என்று கமிட்டிக்காரர்களிடம் சொல்லப்போவது அந்தக் கிழவிகள்தான்.

இப்போது ஒரு புதுச் சங்கடம். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து விதி. கொடைக்கு போலீஸில் அனுமதி வாங்கித்தான் நடத்துகிறார்கள், சில ஊரில் சாயங்காலமே ஆரம்பித்து நள்ளிரவோடு முடி என்கிறார்கள். ஆகவே முழு ராத்திரி வள்ளி ஒன்று, மூன்று மணி நேர வள்ளி ஒன்று, இரண்டும் தயாராக வைத்திரு. குறைக்கும்போது பாட்டைக் குறை, தர்க்கத்தைக் குறைக்காதே. நாரதரும் வேலனும் எங்கே வெட்டப்போகிறார்கள் என்று முன்னாடியே கேட்டுக்கொள், இல்லாவிட்டால் நீ பாடாத பாட்டுக்கு அவர் பதில் பாடுவார்.

சினிமாப் பாட்டுக் கேட்டுச் சீட்டு வரும். வராத ஊர் இல்லை. நான் அதற்கு விரோதி இல்லை. ராகச் சாயல் உள்ள பழைய பாட்டு நாலைந்து வைத்துக்கொள், ஒரு சரணம் பாடி அதே ராகத்தில் நாடகப் பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். முழுப் பாட்டையும் பாடினால் அடுத்த சீட்டு வரும், அப்புறம் வள்ளி போய்க் கச்சேரிதான் மிஞ்சும்.

தேதி பிடிப்பது

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. நெல்லைப் பக்கத்து ஆட்களுக்கு மதுரைதான் வாசல். சங்கத்தில் உறுப்பினராவதற்கு உன்னைத் தெரிந்த சீனியர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். அதனால் முதல் ஒன்றிரண்டு சீசன் தோழி வேஷமோ சின்ன வேஷமோ வந்தால் முகம் சுளிக்காமல் போட்டுவிடு. தோழியாக நிற்கும்போது பெரிய ஸ்திரீபார்ட்டை ஒரு முழ தூரத்திலிருந்து பார்க்கலாம், யூடியூபில் கிடைக்கிற ராத்திரி முழு நாடகங்கள் எதிலும் அந்தப் பாடம் கிடைக்காது. அவர் எந்த இடத்தில் மைக்கை விட்டு அரை அடி பின்னால் போகிறார், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கிறார், பெட்டிக்காரருக்குக் கண்ணால் என்ன சொல்கிறார், அதைப் பார்.

சில ஏஜெண்டுகள் புதுப் பெண் என்றால் டான்ஸுக்கு இழுப்பார்கள், உடனே துட்டு வரும் என்பார்கள், வரவும் செய்யும். டான்ஸ் போடுகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, பபூனோடு ஈடு கொடுத்து நிற்பது சாமானிய வேலை இல்லை. ஆனால் நோட்டீஸில் டான்ஸ் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் அங்கிருந்து வள்ளிக்கு மாறுவது கஷ்டம், கமிட்டிக்காரர்கள் மனசில் முத்திரை அப்படி விழுந்துவிடும். ஸ்திரீபார்ட்தான் உன் ஆசை என்றால் முதல் நாளே அதைச் சொல்லிப் பொறுமையாக இரு.

நோட்டீஸ் விஷயத்தில் சும்மா இருக்காதே. போட்டோ நீ கொடு, பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடு, பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் போடச் சொல். ஆயிரம் நோட்டீஸ் அச்சடித்துச் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டுகிறார்கள், அதைவிட உனக்கு விளம்பரம் இல்லை. வாங்காத பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட விடாதே. நாரதர் மேடையிலேயே கேலி பண்ணிவிடுவார்.

துட்டு

சம்பளம் வேஷத்துக்கும் பேருக்கும் ஊர் தூரத்துக்கும் தகுந்த மாதிரி மாறும். தொகை எதுவானாலும் பேச வேண்டியது இவ்வளவு: அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, வண்டிச் சத்தம் யார், சாப்பாடு யார், ஏஜெண்ட் கமிஷன் இதற்குள்ளா வெளியிலா. மீதியை வேஷம் கலைப்பதற்கு முன்னால் வாங்கு. விடிந்து கமிட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் அப்புறம் யாரை எழுப்புவது?

இன்னொரு முக்கியமான விஷயம், நாடகம் நின்றுபோனால் என்ன. மழை வந்தால் நிற்கும், ஊரில் திடீரென்று ஒரு சாவு விழுந்தால் நிற்கும், அனுமதி கிடைக்காவிட்டால் நிற்கும். நீ வேஷம் கட்டிய பிறகு நின்றால் முழுச் சம்பளமா பாதியா, நீ கிளம்பாமலே நின்றால் அட்வான்ஸ் உனக்கா திருப்பிக் கொடுக்கவா, இதைத் தேதி கொடுக்கும்போதே பேசிவிடு. சங்கத்துக்காரர் மூலமாகப் பேசிய தேதி என்றால் தகராறு வந்தால் கேட்க ஆள் உண்டு. நேராகப் பேசிய தேதிக்கு நீதான் நீதிபதி, நீதான் வக்கீல். ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, ஊர், கூட நடித்தவர்கள், வாங்கியது, பாக்கி, எல்லாம் எழுது. சில ஊர்ப் பாக்கி அடுத்த கொடைக்குத்தான் வரும், எழுதி வைக்காதவளுக்கு அதுவும் வராது.

அன்பளிப்பு என்று ரூபாய் கொண்டு வருவார்கள், மைக்கில் பெயர் சொல்லச் சொல்வார்கள். அது நல்ல வரும்படி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேடை ஏறி உன் சேலையில் பின் குத்த யாரையும் விடாதே. கமிட்டியில் ஒருவரோ பபூனோ வாங்கிக் கொடுக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடு. ஒரு ஊரில் ஒருத்தரை விட்டால் அடுத்த ஊரில் அதை வழக்கம் என்பார்கள்.

வீடு, வழி, அரிதாரக் கொட்டகை

துணையில்லாமல் ராத்திரிப் பயணம் வேண்டாம், அம்மாவோ தம்பியோ அத்தையோ யாராவது கூட வரட்டும். பக்கத்து ஊர் ஆட்கள் சேர்ந்து வேன் பேசிப் போவது நல்ல வழக்கம், செலவும் குறையும். கலையரங்கம் என்று கட்டி வைத்திருக்கும் மேடைகளில் நிறைய ஊரில் பெண்களுக்குத் தனி அறை இருக்காது. ஒரு பழைய வேட்டியும் நாலு கிளிப்பும் பெட்டியில் வைத்திருந்தால் மூலையை மறைத்துக்கொள்ளலாம். போய் இறங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா யாரிடமாவது சிரித்துப் பேசி, கக்கூஸ் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள். ராத்திரி இரண்டு மணிக்கு நகையும் கிரீடமுமாக இருட்டில் அதைத் தேட முடியாது.

உடை, நகை, சவுரி, அரிதாரம் எல்லாம் உன்னுடையது, யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆரம்பத்தில் வாடகைக்கு எடு, வள்ளிக்கு மட்டும் ஒரு செட் சீக்கிரம் சொந்தமாக வாங்கு. வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெயும் பழைய மல் துணியும் போதும். அரிதாரத்தோடு தூங்கிவிட்டு முகமெல்லாம் பரு என்று அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான். கூத்தாடி என்பார்கள், யார் கட்டிப்பான் என்பார்கள். அந்தப் பேச்சு பொய் என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன், இன்னும் சில வீடுகளில் நாடகக்காரி என்றால் சம்பந்தம் நின்றுபோகிறது. மறைத்துக் கல்யாணம் பண்ணாதே, அது மூன்றாம் மாதம் நோட்டீஸில் வந்துவிடும். அப்பா அம்மாவை ஒரு நாடகத்துக்குக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைப்பது பத்து நாள் வாதாடுவதைவிட நல்லது.

மழை மாதங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை, நாடகம் இருக்காது, அதற்கு முன்னும் பின்னும்கூடக் கொஞ்சம்தான். அந்த மாதங்களுக்கு ஐயப்பன் பஜனை, கோவில் கச்சேரி, வில்லுப்பாட்டில் பின்பாட்டு என்று ஏதாவது வேண்டும். திருநெல்வேலி வானொலியில் குரல் தேர்வு அறிவிக்கும்போது எழுதிப் போடு. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் திருநெல்வேலியில் இருக்கிறது, அரசு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கு அங்கேதான் கலைஞர்களைத் தேடுவார்கள், போய் முகம் காட்டிப் பதிந்து வை. 2007-இல் தொடங்கிய நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் கட்டாயம் உறுப்பினராகு. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து என்று உதவித்தொகை உண்டு. கலை இளமணி, கலை வளர்மணி என்று வயதுவாரியாக மாவட்டக் கலை மன்றம் விருது கொடுக்கிறது, 35 வயது வரைக்கும் வளர்மணிக்கு எழுதிப் போடலாம். இதற்கெல்லாம் கேட்பது நீ நடித்ததற்கு ஆதாரம், அதனால் உன் பெயர் போட்ட நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வீட்டில் இருக்க வேண்டும்.

வள்ளி கைக்கு வந்த பிறகு பவளக்கொடி, சாவித்திரி என்று போ. சாவித்திரிக்கு எமனோடு தர்க்கம், நாரதரிடம் அடிபட்டவளுக்கு அது பெரிசாகத் தெரியாது. கிறிஸ்தவ ஊர்களில் ஞானசௌந்தரி கேட்பார்கள், அதையும் பாடம் பண்ணி வை. சந்திரமதியையும் நல்லதங்காளையும் அவசரப்பட்டுத் தொடாதே, மயான காண்டத்தில் பிள்ளையை மடியில் போட்டு முகாரி பாட முப்பது வயதாவது ஆகட்டும். வள்ளிக்கு முகம் முற்றிப்போச்சு என்று ஏஜெண்டுகள் சொல்கிற வயதில்தான் சந்திரமதிக்கு உன்னைத் தேடி வருவார்கள், அப்போது சம்பளத்தை நீ சொல்லலாம்.